ஹார்டனரைக் கூட்டினால் பூச்சு ஏன் இளகியே நிற்கிறது?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டபடி முதலில் சொல்லிவிடுகிறேன். மர மேசை ஒன்றுக்கு, பிசின் ஒன்று, அதோடு கலக்கும் ஹார்டனர் ஒன்று என இரண்டு டப்பாக்களில் வரும் எப்பாக்ஸி தெளிபூச்சைக் கலந்து பூசியிருக்கிறீர்கள். சீக்கிரம் இறுகட்டும் என்று ஹார்டனரை மட்டும் குறிப்பிட்ட அளவைப்போல் இரண்டு மடங்கு ஊற்றியிருக்கிறீர்கள். மறுநாள் கையில் ஒட்டாத நிலைக்கு வந்த பூச்சு, பத்து நாள் கழிந்தும் நகத்தால் அழுத்தினால் பள்ளம் விழும் அளவுக்கு இளகலாக இருக்கிறது, மேலே லேசான எண்ணெய்ப் பிசுக்கும் தெரிகிறது. அதே வாரத்தில் நாற்காலிக்குப் பூசிய எண்ணெய் வார்னிஷோ, ஹார்டனர் எதுவும் இல்லாமலே நன்றாகக் கெட்டிப்பட்டுவிட்டது. மேசையை வெயிலில் வைத்தால் சரியாகுமா என்று கேட்டு முடித்திருக்கிறீர்கள். கேள்வி வெயிலைப் பற்றியது போலத் தோன்றினாலும், ஒரு பூச்சைக் கெட்டியாக்குவது எது, அது உங்கள் மேசையில் எந்த இடத்தில் நின்றுபோயிற்று என்பதைத்தான் நீங்கள் கேட்கிறீர்கள். பூச்சு ஆய்வுக்கூடத்திலும் பின்னர் பூச்சுத் தர ஆய்விலும் பல ஆண்டுகள் வேலை செய்தவன் என்ற முறையில் பதில் எழுதுகிறேன். மேசையை நேரில் பார்க்காமல் எழுதுவதால், வேதியியல்படி உறுதியானதையும் உங்கள் விவரிப்பிலிருந்து நான் ஊகிப்பதையும் கலக்காமல் சொல்ல முயல்கிறேன்.

தமிழில் துணி காய்வதற்கும் பெயிண்ட் காய்வதற்கும் நாம் ஒரே சொல்லைத்தான் பயன்படுத்துகிறோம், குழப்பமும் அங்கேயே தொடங்கிவிடுகிறது. துணியிலிருந்து நீர் வெளியேறுகிறது, துணி பழைய துணியாகவே மிஞ்சுகிறது. சில பூச்சுகள் உண்மையிலேயே அப்படித்தான் காய்கின்றன. ஆல்கஹாலில் கரைத்த அரக்கும், நைட்ரோசெல்லுலோஸ் லேக்கரும் கரைப்பான் ஆவியாகிப் போனதும் படலமாக நிற்கின்றன. அந்தப் படலத்தில் புதிய வேதிப்பொருள் எதுவும் உருவாகவில்லை என்பதற்குச் சான்று, அதே கரைப்பானை நனைத்த துணியால் தேய்த்தால் எப்போது வேண்டுமானாலும் அது மறுபடி கரைந்துவிடும் என்பதே. சுவருக்குப் பூசும் எமல்ஷனில் நீர் வெளியேற வெளியேற பிசின் துகள்கள் ஒன்றையொன்று நெருங்கி, நசுங்கி, ஒன்றாக இணைகின்றன. இந்த இரண்டையும் காய்தல் என்று தாராளமாகச் சொல்லலாம். எப்பாக்ஸி, பாலியூரித்தேன், எண்ணெய் வார்னிஷ் ஆகியவற்றில் நடப்பது வேறு. டப்பாவில் திரவமாக இருந்த சிறு மூலக்கூறுகள் ஒன்றோடொன்று வேதிப்பிணைப்பால் கோத்துக்கொண்டு, படலம் முழுவதும் பரவிய ஒரே வலையாக மாறுகின்றன. அதை இறுகுதல் என்று தனியாகச் சொல்வதே நல்லது. அந்த வலையைக் கரைப்பான் ஊறவைக்கலாமே தவிரக் கரைக்க முடியாது.

உங்கள் எப்பாக்ஸிக்கு வருகிறேன். பிசின் டப்பாவிலுள்ள மூலக்கூறின் இரு முனைகளிலும், இரண்டு கார்பனும் ஓர் ஆக்சிஜனும் சேர்ந்த முக்கோண வளையம் ஒவ்வொன்று இருக்கிறது. மூன்று அணுக்களை இவ்வளவு குறுகிய கோணத்தில் மடக்கி வைத்திருப்பதால் அந்த வளையம் எப்போதும் இழுவிசையிலேயே நிற்கிறது, திறந்துகொள்ள வாய்ப்புக்காகக் காத்திருக்கிறது என்றுகூடச் சொல்லலாம். ஹார்டனர் டப்பாவில் இருப்பவை பெரும்பாலும் அமீன்கள். அமீனின் நைட்ரஜனோடு இணைந்துள்ள ஒவ்வொரு ஹைட்ரஜனும் ஒரு வளையத்தைத் திறக்க வல்லது. வளையம் திறந்ததும் அதன் கார்பன் நைட்ரஜனோடு பிணைகிறது, ஆக்சிஜன் அந்த ஹைட்ரஜனை எடுத்துக்கொண்டு ஹைட்ராக்சில் தொகுதியாகிறது. இதில் எதுவும் ஆவியாகி வெளியேறுவதில்லை. உருவான ஹைட்ராக்சில் தொகுதிகள் அடுத்தடுத்த வளையங்கள் திறப்பதைத் தூண்டுகின்றன. வினையில் பிறக்கும் வெப்பமும் அதோடு சேர்ந்துகொள்கிறது. கலவையை வாளியிலேயே வைத்திருந்தால் முதலில் சாதுவாக இருந்துவிட்டுத் திடீரென்று சூடேறிக் கட்டியாகிவிடுவது இதனால்தான். அதே கலவையை அகலமான தட்டில் மெல்லியதாகப் பரப்பி வைத்தால் வெப்பம் வெளியேறிவிடுவதால் நீண்ட நேரம் தாங்கும்.

ஆக, ஒரு ஹைட்ரஜனுக்கு ஒரு வளையம் என்பது கணக்கு. டப்பாவில் குறித்திருக்கும் கலவை விகிதம் அனுபவத்தில் கண்ட நல்ல அளவு என்று பலர் நினைக்கிறார்கள். அது பெரும்பாலும் இந்த எண்ணிக்கையிலிருந்தே பிறக்கிறது. பொதுவாகப் புழங்கும் திரவ எப்பாக்ஸி பிசினில் சுமார் 190 கிராமுக்கு ஒரு மோல் (வேதியியலில் மூலக்கூறுகளை எண்ணும் அலகு) வளையம் இருக்கிறது. டிரைஎத்திலீன் டெட்ரமீன் என்ற பழைய ஹார்டனரின் மூலக்கூறு எடை 146, அதில் வினைபுரியும் ஹைட்ரஜன்கள் ஆறு; ஆகவே ஒரு ஹைட்ரஜனின் பங்கு சுமார் 24 கிராம். வகுத்துப் பார்த்தால் 100 கிராம் பிசினுக்கு ஏறத்தாழ 13 கிராம் என்று வருகிறது. இன்று கடைக்கு வரும் ஹார்டனர்கள் பல அமீன்களின் கலவைகள் என்பதால் எண்கள் ஒவ்வொன்றுக்கும் மாறும், ஆனால் எண்ணும் முறை மாறாது. ஹார்டனர் என்ற பெயர்தான் ஆளை ஏமாற்றுகிறது. அது கெட்டியாக்கும் மருந்து அன்று, வலையின் பாதி நூல். கண்ணாடியிழை வேலைக்குப் பயன்படும் பாலியெஸ்டர் பிசினில் ஓரிரு சதவீதம் மட்டுமே விடப்படும் பெராக்சைடு வேறு இனம். அது வினையைத் தொடங்கி வைப்பதோடு சரி, ஓரளவு கூட்டினால் வேகமும் கூடும். அங்கே பழகிய கை எப்பாக்ஸிக்கு வந்து அதையே செய்வதைப் பலமுறை கண்டிருக்கிறேன், உங்களுக்கும் அந்த வழியில்தான் இந்த எண்ணம் வந்ததோ என்னவோ.

இரண்டு மடங்கு ஊற்றினால் என்ன ஆகும் என்பதைக் கைகளைக் கொண்டு கற்பனை செய்யலாம். பிசின் மூலக்கூறுக்கு இரண்டு கைகள், எளிய அமீன் ஒன்றுக்கு நான்கு கைகள் என்று வைத்துக்கொள்வோம். சரியான அளவில் கலந்தால் எல்லாக் கைகளும் பிடித்துக்கொள்ள இடம் இருக்கிறது. அமீன் ஒவ்வொன்றும் நான்கு திசையில் நூல் செல்லும் முடிச்சாகிறது. கைகளில் சுமார் 58 சதவீதம் பிணைந்த கணத்தில், படலத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை அறுபடாமல் செல்லும் முதல் வலை உருவாகிறது. அதுவரை ஓடிக்கொண்டிருந்த திரவம் அதற்குப் பிறகு ஓடாது. திரவம் ஓடாத வலையாக மாறும் இந்த இழுமநிலையின் கணக்கை 1940-களின் தொடக்கத்தில் அமெரிக்க வேதியியலாளர் பால் ஃபுளோரி வகுத்தார். பெருமூலக்கூறுகள் பற்றிய ஆய்வுகளுக்காக 1974-இல் அவருக்கு வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. அதே கணக்கில் ஹார்டனரை இரட்டிப்பாக்கிப் பாருங்கள். பிசினின் கைகளில் 82 சதவீதம் தீர்ந்த பிறகுதான் வலையே தோன்றும். பிசினின் கைகள் அத்தனையும் தீர்ந்து வினை முற்றாக முடிந்தாலும், அமீனின் நான்கு கைகளில் சராசரியாக இரண்டு காலியாகவே நிற்கும். நான்கு கை பிடித்த மூலக்கூறு முடிச்சு. இரண்டு கை மட்டும் பிடித்தது சங்கிலியின் ஒரு கண்ணி. ஒரே கை பிடித்தது தொங்கும் நூல். மூன்று மடங்கு ஊற்றியிருந்தால் கோட்பாட்டின்படி இடைவிடாத வலை என்று ஒன்று உருவாகவே உருவாகாது, மேசையில் பிசுபிசுப்பான கூழ்தான் மிஞ்சியிருக்கும். உண்மையான ஹார்டனருக்கு இந்த எண்கள் அச்சு அசலாகப் பொருந்தா, நான்கு கைகளும் ஒரே வேகத்தில் வேலை செய்வதும் இல்லை. ஆனாலும் எந்தப் பக்கம் சாயும் என்பதில் ஐயமில்லை: மிகையான ஹார்டனர் முடிச்சுகளைக் குறைத்து வலையைத் தளர்த்துகிறது.

அப்படியானால் மறுநாளே கையில் ஒட்டாமல் இருந்தது எப்படி? தொட்டால் ஒட்டாத நிலை என்பது, லேசாகத் தொட்ட விரலில் பூச்சு வராது என்பதை மட்டுமே சொல்கிறது. கரைப்பான் வெளியேறி, சங்கிலிகள் ஓரளவு நீண்டுவிட்டாலே அந்த நிலை வந்துவிடும், வலை முழுமை பெற்றிருக்க வேண்டியதில்லை. தொடு உலர்வு, கெட்டி உலர்வு, முழு இறுக்கம் என்று டப்பாவில் மூன்று கால அளவுகள் இருப்பது மூன்று வேறு நிலைகளைக் குறிக்கத்தான். அவற்றில் முதலாவதை மட்டும் பார்த்து மேசையின் மேல் பாத்திரத்தை வைத்தவர்கள் ஏராளம்.

சரியான விகிதத்தில் கலந்த பூச்சும் முழுமையாக இறுக ஏழு நாள் ஆவது ஏன் என்ற கேள்வி இதோடு சேர்ந்தது. வலை நெருங்க நெருங்க மூலக்கூறுகளின் அசைவு குறைகிறது. இளகிய ரப்பர் போன்ற நிலைக்கும் விறைத்த கண்ணாடி போன்ற நிலைக்கும் எல்லையாக நிற்கும் வெப்பநிலை ஏறிக்கொண்டே வருகிறது. அந்த எல்லை அறையின் வெப்பநிலையைத் தாண்டியதும் படலம் விறைத்துக்கொள்கிறது. கைகள் இன்னும் மீதம் இருக்கும், ஆனால் ஒன்றையொன்று தேடிச் சேர முடியாது. வினை அங்கே முடிவதில்லை, நகர முடியாமல் கிட்டத்தட்ட நின்றுபோகிறது. அறை வெப்பநிலையில் இறுகிய எப்பாக்ஸியை பிறகு மிதமாகச் சூடாக்கினால் இன்னும் கெட்டிப்படுவதும், பவுடர் கோட்டிங்கை 180 முதல் 200 டிகிரி செல்சியஸ் அடுப்பில் பத்து இருபது நிமிடத்தில் முடித்துவிட முடிவதும் இதே காரணத்தால்தான்: அந்தச் சூட்டில் மூலக்கூறுகள் விறைத்து நிற்பதில்லை. வெப்பநிலை பத்து டிகிரி குறைந்தால் வேகம் ஏறத்தாழப் பாதியாகும் என்பது தொழிலில் எல்லோரும் கைக்கொள்ளும் தோராயம். 25 டிகிரியில் ஏழு நாள் என்று குறித்த பூச்சுக்கு 15 டிகிரியில் இரண்டு வாரம் கொடுப்பது நியாயம். 10 டிகிரிக்குக் கீழே, குளிருக்கென்றே தயாரிக்கப்படாத பல ஹார்டனர்கள் வேலையே செய்யாததுபோல் கிடக்கும்.

நாற்காலியின் எண்ணெய் வார்னிஷுக்கு ஹார்டனர் இல்லை என்பது பாதி உண்மை. அதன் ஹார்டனர் காற்றிலிருக்கும் ஆக்சிஜன். ஆளி விதை எண்ணெயின் கொழுப்பமிலங்களில் ஏறத்தாழ பாதி லினோலெனிக் அமிலம். அதில் மூன்று இரட்டைப் பிணைப்புகள் உண்டு, இரண்டு இரட்டைப் பிணைப்புகளுக்கு நடுவே அகப்பட்ட கார்பனின் ஹைட்ரஜன் எளிதில் பிடுங்கப்படக்கூடியது. ஆக்சிஜன் அங்கே புகுந்து பெராக்சைடை உண்டாக்குகிறது, பெராக்சைடு உடைந்து, எதனோடாவது சேரத் துடிக்கும் தனி உறுப்புகளாகிறது, அவை பக்கத்துச் சங்கிலிகளோடு பிணைந்து வலையாகின்றன. கரைப்பானைக் கணக்கில் எடுக்காவிட்டால், காயும்போது இந்த எண்ணெயின் எடை குறைவதற்குப் பதிலாகப் பத்து சதவீதத்துக்கும் மேல் கூடுகிறது. காய்தல் என்ற சொல் எவ்வளவு பொருந்தாதது என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது. ஆலிவ் எண்ணெயில் அப்படி இரண்டு இரட்டைப் பிணைப்புகளுக்கு நடுவே அகப்பட்ட கார்பன்கள் மிகக் குறைவாக இருப்பதால் அதைப் பூசினால் மாதக்கணக்கில் எண்ணெயாகவே இருக்கும். வார்னிஷில் கலந்திருக்கும் கோபால்ட் உப்பு பெராக்சைடு உடைவதை விரைவுபடுத்துகிறது, ஆனால் மேற்பரப்பில்தான் அதிகம் வேலை செய்கிறது. அடியும் சேர்ந்து இறுகுவதற்கு ஜிர்கோனியம் போன்றவற்றைத் துணைக்குச் சேர்க்கிறார்கள். தடிமனாகப் பூசினால் மேலே தோல் கட்டி, ஆக்சிஜனை உறிஞ்சி விரிந்து, கீழே இன்னும் ஈரமாக இருப்பதால் சுருக்கம் விழும். இந்த வினை ஏழு நாளில் முடிந்துபோவதும் இல்லை, ஆண்டுக்கணக்கில் மெல்ல நடக்கிறது. பூச்சைக் கெட்டியாக்கிய அதே ஆக்சிஜன்தான் பின்னாளில் அதை மஞ்சளாக்கி, நொறுங்கவும் வைக்கிறது. ஓர் எச்சரிக்கையையும் இங்கேயே சொல்ல வேண்டும். எண்ணெய் வார்னிஷ் துடைத்த துணிகளைக் கசக்கிக் குவித்து வைக்காதீர்கள். குவியலுக்குள் இந்த வினையின் வெப்பம் வெளியேற வழியின்றித் தானாகவே தீப்பிடிக்கக்கூடும். விரித்துக் காய வையுங்கள், அல்லது நீரில் அமிழ்த்தி வையுங்கள்.

ஈரப்பதம் ஒரு பூச்சுக்குப் பகையாகவும் இன்னொன்றுக்கு உணவாகவும் இருப்பது இத்துறையின் வேடிக்கைகளுள் ஒன்று. இரண்டு டப்பா பாலியூரித்தேனில் ஹார்டனரின் ஐசோசயனேட் தொகுதி பிசினின் ஹைட்ராக்சிலோடு சேர வேண்டும். இடையில் நீர் புகுந்தால் அதனோடும் சேர்ந்துவிடும், சேர்ந்து கார்பன் டை ஆக்சைடை வெளிவிட்டுப் படலத்தில் குமிழியை உண்டாக்கும். 18 கிராம் நீர் இரண்டு மோல் ஐசோசயனேட்டை விழுங்கிவிடும் என்பதால் தின்னரில் சிறிதளவு ஈரம் இருந்தாலே விகிதம் கெடும். எஃகுக்குப் பூசும் எத்தில் சிலிக்கேட் துத்தநாகப் பூச்சிலோ, காற்றின் ஈரம் இல்லாவிட்டால் சிலிக்கா வலை உருவாகவே முடியாது. வறண்ட காலத்தில் பூசிய தொட்டி ஒன்றை ஆய்வு செய்யச் சென்றபோது, பூச்சு கெட்டியாகத் தெரிந்தும், மெத்தில் எத்தில் கீட்டோன் என்ற கரைப்பானில் நனைத்த துணியால், ஏஎஸ்டிஎம் டி4752 என்ற தரச் சோதனை முறைப்படி 50 இரட்டைத் தேய்ப்பு முடிவதற்குள் சாம்பல் நிறமாகக் கரைந்து வந்தது. பூசியவர்கள் இன்னும் காய விட வேண்டும் என்றார்கள். நான் நீர் தெளிக்கச் சொன்னேன். சில நாள் தெளித்த பிறகு அதே சோதனையில் துணியில் எதுவும் வரவில்லை.

இப்போது உங்கள் மேசை. நகம் உள்ளே இறங்குகிறது என்று நீங்கள் எழுதியிருப்பதால், கோளாறு படலம் முழுவதிலும் இருக்கிறது என்றும், அதற்கு முதன்மைக் காரணம் இரட்டிப்பு ஹார்டனர் என்றும் தயக்கமின்றிச் சொல்வேன். நீங்கள் குறிப்பிட்டிருக்கும் லேசான எண்ணெய்ப் பிசுக்கு வேறொன்றாக இருக்கலாம், இது என் ஊகம். மிகையாக நிற்கும் அமீன் மேற்பரப்புக்கு வந்து, காற்றின் ஈரத்தோடும் கார்பன் டை ஆக்சைடோடும் சேர்ந்து கார்பமேட் என்ற உப்பாகப் படிவதுண்டு. குளிர்ந்த, ஈரமான இரவுகளில் சரியான விகிதத்தில் கலந்த பூச்சிலும் இது வரும். ஓர் ஓரத்தை வெதுவெதுப்பான நீரும் கரடுமுரடான நாரும் கொண்டு தேய்த்துப் பாருங்கள்: பிசுக்கு கழுவிப் போனால் என் ஊகம் சரி. அது போனாலும் அடியில் உள்ள இளக்கம் போகாது.

வெயில் உங்களுக்கு உதவாது. பூச்சு சரியான விகிதத்தில் கலந்து, குளிரால் மட்டும் நின்றுபோயிருந்தால் நானே வெயிலைப் பரிந்துரைத்திருப்பேன். விறைத்து நிற்கும் கைகளை வெப்பம் அசைத்துவிடும். உங்கள் படலத்திலோ மீதமிருப்பவை அமீனின் கைகள். அவை பிடிப்பதற்குப் பிசினின் கைகள் இல்லை. எவ்வளவு சூடாக்கினாலும் இல்லாதது வராது, புற ஊதாக் கதிர் படுவதால் பூச்சு மஞ்சளாவதுதான் மிஞ்சும். மேலே ஹார்டனர் கலக்காத பிசினை மட்டும் பூசினால் அது ஊறி இறங்கிக் கணக்கை நேர்செய்யும் என்று சிலர் சொல்வார்கள். ஏற்கெனவே வலையாகிவிட்ட படலத்துக்குள் பிசின் ஆழமாக இறங்குவதில்லை, மேலே கொஞ்சம் இறுகலாம், அடி அப்படியே இருக்கும். அப்படிச் செய்து நன்றாக வந்த மேசையை நான் பார்த்ததில்லை. இளகிய அடிமேல் சரியான பூச்சு ஒன்றைப் பூசுவதும் வேண்டாம், மேல்பூச்சு விறைக்க அடி நெளிய, சில மாதங்களில் வெடிப்பு விழும். சுரண்டி எடுப்பதே வழி. தளர்ந்த வலை என்பதால் தட்டையான சுரண்டிக்கு எளிதாக வரும். மிஞ்சியதை மணல்தாளால் தேய்ப்பதற்கு முன் கையுறையும் முகமூடியும் அணிந்துகொள்ளுங்கள், ஏனெனில் வினைபுரியாத அமீன் தோலில் ஒவ்வாமையை உண்டாக்கும், ஒருமுறை வந்த ஒவ்வாமை அடுத்த முறை சிறிதளவு பட்டாலே திரும்பும்.

மறுபடி கலக்கும்போது, விகிதம் எடைப்படியா கொள்ளளவுப்படியா என்று டப்பாவில் பாருங்கள். பிசினும் ஹார்டனரும் ஒரே அடர்த்தி கொண்டவை அல்ல, எனவே கொள்ளளவில் இரண்டுக்கு ஒன்று எடையில் இரண்டுக்கு ஒன்றாக இராது. கலக்கியதை இன்னொரு சுத்தமான கிண்ணத்துக்கு மாற்றி மீண்டும் கலக்குங்கள், ஏனெனில் முதல் கிண்ணத்தின் சுவரில் ஒட்டிய பகுதி பெரும்பாலும் கலக்கப்படாமலே இருக்கும். பூசி முடித்ததும் மிச்சத்தைக் கழுவிவிடாமல், கிண்ணத்தின் அடியில் விரற்கடை உயரத்துக்கு மிகாமல் விட்டு மேசையருகே வையுங்கள். மேசை இளகலாக இருந்து கிண்ணம் கல்லாகியிருந்தால், கலவை சரி, குளிரையோ ஈரத்தையோ மரத்தின் மேற்பரப்பையோ சந்தேகிக்கலாம். கிண்ணமும் இளகலாக இருந்தால் விகிதத்தையோ கலக்கிய விதத்தையோதான் பார்க்க வேண்டும். முதல் முறை கலந்த கிண்ணத்தை நீங்கள் இன்னும் தூக்கிப்போடாமல் வைத்திருந்தால், அதில் ஒரு குச்சியை அழுத்திப் பார்த்து என்ன ஆகிறதென்று எழுதுங்கள்.